நிலையான சுவர் எது? 1897க்குப் பிந்தைய ஷில்லாங்கின் வீடுகள்

1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் மாலை 5 மணிக்குச் சற்றுப் பின்னர் ஷில்லாங் பீடபூமி குலுங்கியது. 8 என்னும் அளவை ஒட்டியதாக இன்று மதிப்பிடப்படும் அந்நிலநடுக்கத்தில் 1,500க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஷில்லாங் அசாம் மாகாணத்தின் தலைநகராகி அப்போது கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை. ஆட்சியின் உறுதியைக் காட்டக் கல்லால் எழுப்பப்பட்ட அரசுக் கட்டடங்களும் தேவாலயமும் தரைமட்டமாயின.

இந்தியப் புவியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர். டி. ஓல்டாம் 1899இல் வெளியிட்ட அறிக்கை நிலநடுக்கவியலின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்று. வீடுகளின் வரலாற்றுக்கும் அது சான்றாகிறது. கல் வீடுகள் வீழ்ந்தன. மரச்சட்டத்தில் நாணல் நிரப்பிப் பூசப்பட்ட வீடுகளுள் பலவும் பழுதுபட்டன. பலகைச் சுவர் வீடுகள் பெரிதும் தப்பின. காரணம் எளிது. நிலம் அசையும்போது சுவரின் மீது செயல்படும் விசை அச்சுவரின் நிறைக்கு ஏற்பப் பெருகும். கனத்த கற்சுவரைத் தள்ளுவது பெரும்பாலும் அதன் சொந்தக் கனமே.

நிலநடுக்கத்துக்குப் பின் அரசு குடியிருப்புகளையும் அலுவலகங்களையும் வேறு முறையில் கட்டியது. இடிந்த தேவாலயமும் மரத்தால் மீண்டெழுந்தது. தாழ்வான கல் அடித்தளம், அதன்மேல் மரச்சட்டம், சட்டங்களுக்கிடையே ‘இக்ரா’ எனப்படும் நாணல், அதன் இருபுறமும் மண் அல்லது சுண்ணாம்புப் பூச்சு, மேலே நெளி இரும்புத் தகட்டுக் கூரை. ‘அசாம் வகை வீடு’ என்று பெயர் பெற்ற வடிவம் இதுவே. உள்ளூர் மக்களின் நாணல் வேலையும் இங்கிலாந்தின் தொழிற்சாலைப் பொருளும் அதில் ஒன்றாயின.

அந்தத் தகட்டுக்குத் தனி வரலாறு உண்டு. தகட்டை நெளித்து வலுவூட்டும் முறைக்கு ஹென்றி ராபின்சன் பாமர் 1829இல் லண்டனில் காப்புரிமை பெற்றார். துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசும் முறைக்கு ஸ்தனிஸ்லாஸ் சொரேல் 1837இல் பிரான்சில் காப்புரிமை பெற்றார். இரும்புக்கும் துத்தநாகத்துக்கும் பிறந்த இப்பொருளில் வெள்ளீயம் கிடையாது. ஆயினும் அசாமியமும் வங்கமும் இதனை ‘டின்’ என்றன. வெள்ளீயத்தைக் குறித்த ‘தகரம்’ என்னும் சொல்லையே தமிழும் இதற்குத் தந்தது. பொருள் மாறியது, சொல் மாறவில்லை.

தகட்டைக் கூரையோடு நிறுத்தாமல் சுவராகவும் அறைந்தவர்கள் உண்டு. தகரச் சுவர் எரியாது, கறையானுக்கு இரையாகாது; ஆனால் குளிரையும் வெயிலையும் அப்படியே உள்ளே விடும், உட்புறம் நீர் கோக்கும், மழையில் பேச்சைக் கேட்கவிடாது. இக்ராச் சுவர் அறையை மிதமாக வைக்கும். ஆனால் ஈரத்தில் மட்கும், ஆண்டுதோறும் பராமரிப்பைக் கோரும், தீக்கு அஞ்சும். தேர்வு எளிதன்று. ஆனால் இரண்டும் இலகுவானவை. விழுந்தாலும் கற்சுவரைப் போல நசுக்குபவை அல்ல.

பி. ஆர். டி. கர்டன் 1907இல் வெளியிட்ட ‘தி காசிஸ்’ நூலில், நான்கு புறமும் கற்சுவர் வைத்து வீடு கட்டுவது காசி மக்களிடையே ‘சங்’, அதாவது விலக்கு, எனப் பதிவாகியுள்ளது. ஆணி அடித்து வீடு கட்டுவதும் அவ்வாறே விலக்கு. இதனை நிலநடுக்க அறிவியலாக வாசிப்பது மிகைவாசிப்பு. எனினும் கல்லே உயர்ந்தது என்னும் கருத்து அம்மலையில் இயல்பானதன்று, வெளியிலிருந்து வந்தது என்பதற்கு அது சான்று.

அக்கருத்து இன்றும் அரசின் சொற்களில் வாழ்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வகைப்பாட்டில் கல், சுட்ட செங்கல், கான்கிரீட், உலோகத் தகடு ஆகியவை ‘நிலையான’ சுவர்கள். புல், மூங்கில், மண், மரம், பிளாஸ்டிக் ஆகியவை ‘தற்காலிக’ச் சுவர்கள். இதன்படி நூறாண்டு நின்ற பலகை வீட்டின் சுவர் தற்காலிகம். நேற்று அறைந்த தகரம் நிலையானது. பெயரிடுதல் வெறும் பெயரிடுதலோடு நிற்பதில்லை. ‘கச்சா’ எனப்பட்ட வீட்டில் வாழ்பவர் ‘பக்கா’ வீட்டுக்கு ஏங்குகிறார்.

நிலவிலை ஏறியதும், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுதலுக்கு விதித்த கடுங்கட்டுப்பாடுகளும் மாற்றத்தை விரைவுபடுத்தின. இன்று ஷில்லாங்கின் சரிவுகளில் அசாம் வகை வீடுகள் இடிக்கப்பட்டுப் பல மாடிக் கான்கிரீட் கட்டடங்கள் எழுகின்றன. முறையாக வடிவமைத்த கான்கிரீட் நிலநடுக்கத்தைத் தாங்கும் என்பது உண்மை. முறை தவறினால் அதன் கனமே எதிரியாகும் என்பதும் உண்மை. இந்தியாவின் மிகக் கடும் நிலநடுக்க அபாயப் பகுதிகளுள் ஒன்று அது. 1897இன் மக்கள் சுவரின் நிலைபேற்றைப் பொருளின் மதிப்பால் அல்லாமல் கனத்தால் அளக்கக் கற்றனர். அந்த அளவுகோல் நம் கணக்கெடுப்புப் படிவங்களில் இன்னும் இடம்பெறவில்லை.