பிறநாட்டு மனத்தை அளக்கப் போனவர்கள்

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உதியன்குளங்கரை என்னும் சிற்றூர் இருக்கிறது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியாகத் திருத்தி அமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. வரைபடத்தில் எல்லை விழுந்த பின்னும் இப்பக்கத்து வீடுகள் பலவற்றில் தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில்தான் புழங்கி வருகின்றன.

நாம் பிறந்து வளர்ந்தது இவ்வூர்ப் பக்கத்திலேதான். ஐந்தாம் வகுப்பில், தென்காசிப் பக்கத்திலிருந்து குடிவந்த குடும்பத்துப் பையன் ஒருவன் நம்மோடு படித்தான். ஒரு நாள் பள்ளிக்கு வந்த பெரியவர் ஒருவர், பிள்ளைகளின் அறிவுத்திறனைச் சோதிக்கக் கருதி, "அவசரம் வந்தால் என்ன செய்ய வேண்டும்?" என்ற பொருள்பட மலையாளத்தில் வினவினார். மலையாளத்தில் அவசரம் என்றால் நல்வாய்ப்பு. பையனோ தன் வீட்டுத் தமிழை நினைத்து, "பதறாமல் பொறுமையாக இருக்க வேண்டும்" என்றான். வகுப்பு சிரித்தது. வந்தவர் அவன் பெயருக்கு எதிரே ஏதோ குறித்துக்கொண்டார். அவ்வாண்டு முழுவதும் அவன் கடைசி வரிசையிலேயே அமர்ந்திருந்தான். அவன் சொன்ன விடையில் பிழை யாதும் இல்லை என்பது, மொழிபெயர்ப்புத் தொழிலுக்கு வந்த பின்னரே நமக்கு நன்கு விளங்கிற்று.

ஒரு மக்கள் கூட்டத்தாரின் மனத்தை வேறொரு நாட்டார் வந்து அளப்பது என்னும் முயற்சிக்கு நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அந்தப் பையனுக்கு நேர்ந்தது அவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் நேர்ந்திருக்கிறது.

1898ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக் குழு ஒன்று ஏ. சி. ஹாடன் தலைமையில் கப்பலேறிற்று. ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையிலுள்ள டாரஸ் நீரிணைத் தீவுகளே அவர்கள் நாடிச் சென்ற இடம். குழுவில் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் என்னும் மருத்துவரும் இருந்தார், உளநூலிலும் வல்லவர். நாகரிகம் குறைந்தவர் என்று தாம் கருதிய மக்களுக்குக் கண்ணும் காதும் விலங்குகளுக்கு ஒப்பக் கூர்மையானவை என்ற எண்ணம் அந்நாளைய ஐரோப்பியரிடையே பரவியிருந்தது. சோதித்துப் பார்த்தபோது தீவினரின் பார்வைக் கூர்மை அத்தனை வியப்புக்குரியதாக இல்லை.

அதே ரிவர்ஸ் 1901ஆம் ஆண்டின் இறுதியில் நம் நீலகிரிக்கு வந்தார். தோடரிடையே பல திங்கள் தங்கி, மொழிபெயர்ப்பாளர்களின் துணையோடு அம்மக்களின் வாழ்க்கையையும் புலனறிவையும் ஆராய்ந்தார். 1905இல் புலனாய்வின் முடிவுகளும், 1906இல் தோடரைப் பற்றிய பெருநூலும் வெளிவந்தன.

அவர் காட்டிய படங்களுள் ஒன்று இது. ஒரே நீளமுள்ள இரு கோடுகள். ஒன்றின் முனைகளில் சிறு கிளைகள் உள்நோக்கி மடங்கியிருக்கும், மற்றொன்றில் வெளிநோக்கி விரிந்திருக்கும். விரிந்த கோடே நீண்டதெனக் கண் மயங்கும். இம்மயக்கம் ஆங்கிலேயரைக் காட்டிலும் தோடருக்குக் குறைவாகவே இருந்தது. ஆனால், நிமிர்ந்த கோட்டையும் கிடந்த கோட்டையும் ஒப்பிடும் வேறொரு படத்தில் தோடரே மிகுதியாக மயங்கினர். ஒரு மக்கள் முழுக்க முழுக்க ஏமாறுபவர், மற்றொரு மக்கள் முழுக்க முழுக்கத் தெளிந்தவர் என்று சொல்ல இடமில்லாது போயிற்று. 1966இல் செகால், கேம்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்னும் மூவர் பல நாடுகளில் ஆராய்ந்து ஒரு விளக்கம் தந்தனர்: நேர்க்கோடும் மூலையும் மிக்க கட்டடங்களிடையே வளரும் கண் ஒரு வகையாகவும், பரந்த வெளியில் வளரும் கண் வேறு வகையாகவும் பழகுகின்றது என்பது அது.

ரிவர்ஸ் தவறிய இடமும் உண்டு. டாரஸ் தீவினரிடம் நீல நிறத்துக்குத் தனிச்சொல் தெளிவாக இல்லாமை கண்டு, நீலத்தை உணரும் திறனே அவர்களுக்குக் குறைவு என்று கருதினார். 1916இல் டிச்சனர் என்னும் உளநூலார், சோதனை நடந்த முறையையே கேள்விக்கு உள்ளாக்கினார். சொல்லின் குறையைக் கண்ணின் குறையாகக் கொள்வது எத்துணை எளிது என்பதற்கு இது சான்று.

நூலில் நேர்ந்த பிழை ஏட்டோடு நிற்கும். அதிகாரத்தில் நேர்ந்தால் உயிரை வருத்தும். 1913ஆம் ஆண்டை ஒட்டி, நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில் கப்பலிலிருந்து இறங்கிய குடியேறிகளை ஹென்றி காடர்டு என்பவர் பிரெஞ்சு நாட்டுப் பினே வகுத்த அறிவுச் சோதனையால் அளந்தார். யூதர், இத்தாலியர், ஹங்கேரியர், ருஷ்யர் ஆகியோருள் அவர் தேர்ந்து சோதித்தவர்களில் ஐவருக்கு ஏறக்குறைய நால்வர் மந்தமதியினர் என்று எழுதினார். நெடும்பயணத்தால் களைத்தவர்கள், பலர் எழுதுகோலையே தொட்டறியாதவர்கள். அங்கிருந்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர், தாம் அந்நாட்டுக்கு வந்த புதிதில் தம்மாலும் இவ்வினாக்களுக்கு விடை கூற இயன்றிராது என்று சொன்னார். காடர்டே அதைப் பதிவு செய்திருக்கிறார், ஆனால் பொருட்படுத்தவில்லை. பெயர் அறியப்படாத அந்த மொழிபெயர்ப்பாளரை நாம் நம் தொழில்முன்னோருள் ஒருவராகவே மதிக்கிறோம்.

இந்தியாவில் இக்கலை 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் வேர்கொண்டது. இலண்டனில் ஸ்பியர்மனிடம் பயின்று திரும்பிய எம். வி. கோபாலசாமி 1924இல் மைசூரில் உளவியல் துறையைத் தொடங்கி, மேலைநாட்டுச் சோதனைகளை இந்நாட்டவர்க்கு ஏற்பத் திருத்தும் பணியில் ஈடுபட்டார். 1935இல் தம் இல்லத்தில் சிறு வானொலி நிலையம் ஒன்றை அமைத்தவரும் அவரே. ஆகாசவாணி என்று அதற்கு வழங்கிய பெயரே பின்னாளில் இந்நாட்டு வானொலிக்கும் வழங்கலாயிற்று. லாகூரில் பணியாற்றிய அமெரிக்கர் ஹெர்பர்ட் ரைஸ் இந்துஸ்தானி மொழிக்கேற்ப அமைத்த சோதனை 1929இல் நூலாக வந்தது. 1950இல் யுனெஸ்கோவின் சார்பில் வந்த கார்ட்னர் மர்ஃபி, பிரிவினைக்குப் பின் நிலவிய வகுப்புப் பகைமையை ஆராய்ந்தபோது, இந்திய அறிஞர்களைத் துணைக்கொண்டே பணி நடத்தினார். அயல்நாட்டுக்கு ஆசிரியராக வருபவர் அந்நாட்டுக்கு மாணவராகவும் இருந்தாக வேண்டும் என்பது மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

அத்தெளிவு பின்னர் ஒரு முறையாகவே உருப்பெற்றது. 1970இல் ரிச்சர்டு பிரிஸ்லின் அதனை விளக்கி எழுதினார். வினாவை ஒருவர் மொழிபெயர்க்க வேண்டும். மூலத்தைப் பாராத வேறொருவர் அதனை மீண்டும் முதல் மொழிக்குத் திருப்ப வேண்டும். இரண்டும் மாறுபட்டால் வினாவைத் திருத்த வேண்டும். இதன் அருமை வடமாநிலங்களில் வாழும் நேயர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். இந்தியில் சிக்ஷா என்றால் கல்வி. மலையாளத்தில் அதே சொல் தண்டனை. "உன் மகனுக்குச் சிக்ஷை தேவையா?" என்று கேட்டால், ஒரு தாய் மகிழ்வாள், மற்றொரு தாய் திடுக்கிடுவாள். சம்சாரம் என்பது நமக்கு மனைவி. எல்லைக்கு அப்பால் வெறும் பேச்சு.

பிற மாநிலங்களில் குடியேறிய தமிழன்பர்களே! உங்கள் பிள்ளை புதிய பள்ளியில் மந்தம் என்று குறிக்கப்பட்டால், உடனே வருந்தவோ பிள்ளையைக் கடியவோ வேண்டா. எந்த மொழியில் வினவினார்கள், எந்தச் சொல்லால் வினவினார்கள், வீட்டில் அச்சொல்லுக்குப் பொருள் என்ன என்று ஆசிரியரிடம் அமைதியாகக் கேளுங்கள். பிள்ளையிடமும், "நீ என்ன நினைத்து அவ்வாறு சொன்னாய்?" என்று கேளுங்கள். உதியன்குளங்கரையில் அந்தப் பையனிடம் அவ்வினாவை அன்று ஒருவரும் கேட்கவில்லை. பக்கத்தில் அமர்ந்திருந்த நாமும் கேட்கவில்லை.