உடைந்த லேசரும் ஓட்டை கம்ப்யூட்டரும்

1995-ல் பியர் ஒமிடியார் அமெரிக்காவில் ஓர் ஏல இணையதளம் ஆரம்பித்தார். பின்னாளில் 'ஈ-பே' ஆனது அதுதான். அங்கே முதலில் விலைபோன சரக்கு என்ன தெரியுமா? உடைந்துபோன லேசர் பாயின்டர்! விலை 14.83 டாலர். அது வேலை செய்யாது என்று தெரியுமா என வாங்கியவரிடம் ஒமிடியாரே விசாரித்தார். தெரிந்துதான் வாங்கினாராம் மனுஷன்!

எல்லா வியாபாரியும் இப்படி விசாரிப்பாரா, என்ன? 'ரீஃபர்பிஷ்டு டெஸ்க்டாப், ஐ-7' என்று விளம்பரம் வந்தால் மயங்கிடாதீங்க. 2008-ல் வந்ததும் ஐ-7தான். எத்தனையாவது தலைமுறை என்பதில்தான் சூட்சுமம். ஏழாம் தலைமுறை வரையிலான ஐ-7களில் அநேகமாக எதையும் விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துபோச்சு.

எட்டாம் தலைமுறையா? டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியது? பிடிக்காவிட்டால் திருப்பி எடுப்பீங்களா? அன்று விற்றவர் கேட்டார். இன்று வாங்குகிற நீங்கள்தான் கேட்கணும்; அதுவும் பணம் கட்டுவதற்கு முன்னால்!