தூளியும் ஆகாய விமானமும்

சரித்திரப் புத்தகங்களில் பிரயாணங்களுக்குப் பஞ்சமே இல்லை. யுவான் சுவாங் வந்தார். மார்க்கோ போலோ வந்தார். வாஸ்கோ ட காமா வந்தார். யார் எந்த ஆண்டில் எந்தத் துறைமுகத்தில் இறங்கினார் என்று நாமெல்லாம் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டிருக்கிறோம். ஆனால் இடுப்பில் ஒரு கைக்குழந்தையோடு ஊர் விட்டு ஊர் போன தாய்மார்களைப் பற்றி ஒரு வரி கிடைக்குமா என்று தேடிப் பாருங்கள். குழந்தை வழியில் அழுததா, பால் குடித்ததா, எங்கே தூங்கிற்று என்றெல்லாம் எழுதச் சரித்திராசிரியர்களுக்குத் தோன்றவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஆண்பிள்ளைகள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

எழுதப்படாத இந்தச் சரித்திரத்தை எங்கேயாவது தொடங்கத்தான் வேண்டும் என்றால், ஸ்ரீவில்லிபுத்தூரை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. அந்த ஊரின் பெரிய கோபுரத்தைத் தமிழ்நாட்டு அரசாங்கத்தின் முத்திரையில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஊரின் பெருமைக்கு மூலகாரணம் ஒரு குழந்தையும் ஒரு பிரயாணமும்தான். துளசிவனத்தில் கிடந்த பெண் குழந்தையைப் பெரியாழ்வார் எடுத்து வளர்த்தார். வளர்ந்து மணப்பெண்ணான அவளைப் பல்லக்கில் ஏற்றித் திருவரங்கத்துக்கு அழைத்துப் போனார் என்று வைணவர்கள் சொல்கிறார்கள். இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. அந்தப் பெரியாழ்வாரே கண்ணனுக்குத் தாலாட்டுப் பாடியவர். பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகைக்கே அவருடைய பாசுரங்கள்தான் வித்து என்று புலவர்கள் கூறுவர். தொட்டிலையும் நெடுவழியையும் சேர்த்து நினைக்க இதைவிட வேறு ஊர் வேண்டுமா?

அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ராஜபாளையம். அந்த ஊரே ஒரு நீண்ட பிரயாணத்தின் முடிவில் உண்டானது என்று சொல்லலாம். அங்குள்ள ராஜுக்களின் முன்னோர்கள் விஜயநகர காலத்தில் வடக்கே ஆந்திர தேசத்திலிருந்து வந்தவர்கள். இன்றும் வீட்டில் தெலுங்கு பேசுகிறார்கள். வந்தவர்களின் வீரத்தைப் பற்றிக் கதைகள் பல உண்டு. அவர்களோடு வந்த பச்சைக் குழந்தைகளைப் பற்றித்தான் கதை இல்லை. ஆனால் அந்தக் குழந்தைகள் எப்படித் தூங்கியிருக்கும் என்று ஊகிப்பது கடினமல்ல. தூளியில்தான் தூங்கியிருக்கும்.

தூளி என்பது என்ன? ஒரு பழைய புடவை, மேலே ஒரு முடிச்சு, அவ்வளவுதான். பருத்திக் காட்டில் வேலை செய்பவள் வேப்பமரக் கிளையில் கட்டுவாள். வண்டிப் பிரயாணத்தில் கூண்டு வண்டியின் மூங்கில் வளைவில் கட்டுவார்கள். இறங்கும் இடத்தில் அவிழ்த்தால் மறுபடியும் அது புடவை. விலை இல்லை, பாரம் இல்லை. அதில் அம்மாவின் வாசனை இருக்கிறது என்பதால், எந்த ஊருக்குப் போனாலும் குழந்தைக்கு அது சொந்த வீடுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தத் தூளி கடல் தாண்டியது. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் கிளம்பியபோது, திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போனார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து மாத்தளை வரையில் காட்டு வழியே நடை. அது இருநூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் தண்ணீர் இல்லை. காலராவும் காய்ச்சலும் இருந்தன. அந்தப் பாதையில் விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குள் தோளில் தூக்கி வரப்பட்ட குழந்தைகளும் இருந்தார்கள். ஆண்டாளின் பல்லக்கைப் பற்றி நினைக்கிறபோது, இந்த நடையையும் நாம் நினைக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் என்று ஏற்பாடாயிற்று. தோட்டத்துக்குப் போகிறவர்கள் மண்டபம் முகாமில் சில நாட்கள் தங்கி, அம்மை குத்திக்கொண்டு போக வேண்டும் என்ற விதியும் பிற்பாடு வந்தது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோகும் வரையில் எத்தனை ஆயிரம் குழந்தைகள் அந்தக் கப்பலில் ஏறி இறங்கியிருப்பார்கள்!

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ரயில் வந்தது 1927-ல். விருதுநகருக்கும் தென்காசிக்கும் இடையே போட்ட மீட்டர் கேஜ் பாதை அது. ரயில் வந்தவுடன் மாட்டுவண்டியின் தூளி ரயிலுக்குள் ஏறிவிட்டது. மேல் பலகையைத் தாங்கும் சங்கிலியில் புடவையைக் கட்டி, எதிர்ப்பலகையில் இருக்கிற முன்பின் தெரியாத மனிதரிடம், "அண்ணாச்சி, கொஞ்சம் ஆட்டி விடுங்க, இதோ வந்திடுதேன்" என்று சொல்லிவிட்டுத் தாய் போவாள். அவரும் ஊர்க்கதை பேசிக்கொண்டே ஆட்டுவார். இதை நான் வெறும் வர்ணனைக்காகச் சொல்லவில்லை. இந்த "கொஞ்சம் ஆட்டி விடுங்க" என்ற வார்த்தையில்தான் நமது சரித்திரத்தின் மையம் இருக்கிறது. பின்னால் வருகிறேன்.

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களுக்கு 'ரஜூலா' கப்பல். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஜனங்களை ஏற்றிக்கொண்டு போகும். பிரயாணம் ஏறக்குறைய ஒரு வாரம். கையில் காசில்லாதவர்களுக்கு மேல்தளத்தில் பாய் விரித்த இடம்தான் வீடு. அங்கே பக்கத்துப் பாய்க்காரியே குழந்தைக்கு அத்தையும் சித்தியும்.

இனி ஆகாயத்துக்கு வருவோம். 1932-ல் டாடா கம்பெனியின் சின்ன விமானம் கராச்சியிலிருந்து பம்பாய்க்கும், பிறகு பெல்லாரி வழியாகச் சென்னைக்கும் பறந்தபோது அது சுமந்து வந்தது தபால் மூட்டைகளை. 1948 ஜூன் 8-ஆம் தேதி இரவு ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்சஸ்' பம்பாயிலிருந்து முப்பத்தைந்து பிரயாணிகளுடன் கிளம்பி, கெய்ரோ, ஜெனீவா வழியாக 10-ஆம் தேதி காலை லண்டன் சேர்ந்தது. 1960-ல் போயிங் ஜெட் விமானத்தில் நியூயார்க் வரை போகத் தொடங்கினார்கள். மகாராஜாக்களும் வியாபாரிகளும் மட்டும் ஏறியவரையில் தொல்லை இல்லை. குடும்பங்கள் ஏறத் தொடங்கியதும் ஒரு சங்கடம் முளைத்தது. விமானத்தில் வேப்பங்கிளை ஏது, சங்கிலி ஏது? குழந்தையை எங்கே போடுவது?

வெள்ளைக்காரர்கள் இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? 1950-களில் பி.ஓ.ஏ.சி. என்ற பிரிட்டிஷ் விமானக் கம்பெனி 'ஸ்கை காட்' என்று ஒரு தொட்டிலைக் கொண்டு வந்தது. பழைய புகைப்படங்களில் அதைப் பார்க்கலாம். சாமான் வைக்கும் தட்டை ஒட்டித் தலைக்கு மேலே தொட்டில் மாட்டியிருக்கும். குழந்தை அங்கிருந்து எட்டிப் பார்க்கும். பணிப்பெண் சிரித்துக்கொண்டு நிற்பாள். எத்தனையோ இன்ஜினியர்கள் யோசித்து முடித்த இடத்தில், நமது கிராமத்துப் பெண்பிள்ளை என்றைக்கோ புடவையைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள்! இப்போதெல்லாம் அந்தத் தொட்டில் கீழே இறங்கிவிட்டது. முன்வரிசைச் சுவரில் பொருத்துகிறார்கள். விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் குலுங்கும்போதும் குழந்தையை அதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்போதுதான் தூங்கியிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விமானத்தில் குழந்தை ஏன் அப்படி வீறிடுகிறது என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் நல்லது. ஆகாயத்தில் முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயரத்துக்கு உரிய அளவில் வைத்திருக்கிறார்கள். அதாவது, எல்லோரும் கொடைக்கானலில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானம் இறங்கும்போது, வத்தலக்குண்டுக்கு மலைப்பாதையில் இரண்டு மணி நேரம் இறங்குவதை அரை மணியில் இறங்குகிறோம். காதுக்கும் தொண்டைக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாய் இருக்கிறது. எச்சில் விழுங்கினால் அது திறந்து அழுத்தம் சமனாகும். பெரியவர்கள் விழுங்குகிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள். குழந்தையின் குழாயோ குறுகல்; விழுங்க வேண்டும் என்ற யுக்தியும் அதற்குத் தெரியாது. வலிக்கிறது, அழுகிறது. ஆகவே, இறங்கத் தொடங்கும்போது குழந்தைக்குப் பால் கொடுப்பதே சிறந்த மருந்து. காது குத்தும்போது, தின்னப் பழம் தருகிறேன் என்று யசோதை கண்ணனுக்கு ஆசை காட்டுவதாகப் பெரியாழ்வார் பாடியிருக்கிறார். காதில் வலி என்றால் வாய்க்கு ஏதாவது கொடு என்ற வைத்தியம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதல்ல!

இன்று ராஜபாளையத்தில் ஒரு தெருவில் நான்கு வீடு தட்டினால், ஒரு வீட்டுப் பிள்ளையாவது சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும். பேரக்குழந்தைக்கு இரண்டு வயது நிரம்பாவிட்டால் தாயின் மடியே அதற்கு ஆசனம்; அந்நிய நாட்டுப் பிரயாணத்துக்குப் பெரும்பாலும் பெரியவர்கள் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு வாங்குகிறார்கள். பழைய நாளில் தாயின் பாஸ்போர்ட்டிலேயே குழந்தையின் பெயரையும் சேர்த்து எழுதுவது உண்டு. இப்போது பிறந்த குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட். கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் ரேகை! 2006-லிருந்து கைப்பையில் தண்ணீர் முதலான திரவம் கொண்டுபோகக் கட்டுப்பாடு வந்தது. நல்லவேளையாகக் குழந்தையின் பாலுக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பாட்டி ஆசையோடு கட்டிக் கொடுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு அந்தச் சலுகை இல்லை. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம்தான். இருந்தாலும் ஐரோப்பாவின் சுங்க அதிகாரிக்கு அது வெறும் பால் பதார்த்தம். குப்பைத் தொட்டிக்குத்தான் போகும்.

ஆக, தொட்டில் கிடைத்துவிட்டது, பாலுக்கு அனுமதி கிடைத்துவிட்டது, காட்டு வழியில் நாள்கணக்கில் நடந்தது போய் மணிக் கணக்காகிவிட்டது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நடுவில் இறங்காமல் பதினெட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறக்கிறார்கள். பிறகு என்ன குறை?

ராஜபாளையத்தில் ஒரு பாட்டியம்மாளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். மகள் பத்து மாதக் குழந்தையோடு தனியாக அமெரிக்காவுக்குத் திரும்பிப் போயிருந்த சமயம் அது.

"குறை என்ன தம்பி குறை! ஒரு ராத்திரி பூரா அவ ஒருத்தியே பிள்ளையை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. சுத்தி முந்நூறு பேரு. ஒருத்தராவது 'கொண்டா தாயி, நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன்'னு கேக்கலையாம். எல்லாரும் காதுல எதையோ மாட்டிக்கிட்டாங்களாம்" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? இந்த ஊர்க்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தார். மூன்று வயதில் தகப்பனாரையும் இழந்தார். பாட்டி எடுத்து வளர்த்தார். அந்தப் பிள்ளைதான் 1949-ல் சென்னை மாகாணத்தின் முதன்மந்திரி ஆனவர். பெற்றவள் இல்லாத இடத்தில் இன்னொரு கை நீண்டிருக்கிறது. துளசிவனத்துக் குழந்தைக்கு நீண்டதும் பெறாத கைதான்.

மாட்டுவண்டியிலிருந்து ஜெட் விமானம் வரைக்கும் இந்தச் சரித்திரத்தைப் பார்த்தால், வாகனம் வேகமாக ஆக ஆகக் கைகள் குறைந்திருப்பது தெரியும். மன்னார்க் காட்டில் நடந்தவர்களின் துன்பம் மறுபடி யாருக்கும் வேண்டாம். ரஜூலாவின் மேல்தளமும் வேண்டாம். விஞ்ஞானம் செய்திருக்கும் உபகாரத்தைக் குறைத்துப் பேசுகிறவன் அல்ல நான். ஆனால் தூளி என்பது புடவையும் முடிச்சும் மட்டும் அல்லவே? ஆட்டுவதற்கு ஒரு கை இருந்தால்தானே அது தூளி! கட்டுகிறவள் தாய், ஆட்டுகிறவர் யாராகவும் இருக்கலாம் என்பதே அதன் தத்துவம்.

வாசகர்களில் பலர் இந்த வருஷமே விமானம் ஏறக்கூடும். பக்கத்து வரிசையில் ஒரு பெண் குழந்தையோடு வந்து உட்கார்ந்தால், நம்முடைய தூக்கம் போயிற்றே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்யும். அடுத்த கணம், "அம்மா, நீங்கள் சாப்பிடுங்கள். குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். பத்து நிமிஷம் போதும். விமானக் கம்பெனிகள் எத்தனை தொட்டில் செய்தாலும், அதை ஆட்டும் அண்ணாச்சியை அவர்களால் செய்ய முடியாது. அவரை நாம்தான் கொண்டுபோக வேண்டும்.