பல விடைகள், ஒரே பதிலாளர்: கணக்கெடுப்புத் தரவில் எண்ணும் அலகு

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் கால்நடை வளர்க்கும் 262 விவசாயிகளிடம், கால்நடை மருத்துவத் தகவல்களை முக்கியமாக எங்கிருந்து பெறுகிறீர்கள் என்று கேட்கப்பட்டது. விடைகள் ஐந்து, பொருந்துவன எல்லாவற்றையும் குறிக்கலாம். விழுந்த குறிகள் 453. கல்வித்தகுதிக்கும் தகவல் பெறும் வழிக்கும் தொடர்பு உண்டா என்பதே கேள்வி. இந்தத் தரவை லாஃபினும் ஷெரரும் 1998இல் 'பயோமெட்ரிக்ஸ்' இதழில் ஆராய்ந்தனர். 453 குறிகளையும் ஒரே அட்டவணையில் கொட்டி வழக்கமான கை-வர்க்கச் சோதனை செய்வது தவறு. ஒரு விவசாயி இட்ட மூன்று குறிகளை அந்தச் சோதனை மூன்று விவசாயிகளாகவே எண்ணும். அவை ஒன்றையொன்று சாராதவை என்ற அதன் அடிப்படையே அங்கு பொய்த்துவிடுகிறது.

எந்த மென்பொருளில் வேலை செய்தாலும் எண்ண வேண்டியது பதிலாளரை, குறியை அன்று. இதை ஏற்றுக்கொண்டால் தரவுக் கோப்பின் வடிவமும் தெளிவாகிவிடும்: பதிலாளருக்கு ஒரு வரிசை, விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு 0/1 மாறி. கூகுள் படிவம் தேர்ந்த விடைகள் அனைத்தையும் ஒரே கட்டத்தில் காற்புள்ளியிட்டு அடுக்கித் தருகிறது. விடையின் வாசகத்துக்குள்ளேயே காற்புள்ளி இருந்தால், பிரிக்கும்போது ஒரு விடை இரண்டாகச் சிதறும். வினாநிரல் எழுதும்போதே இதைத் தவிர்த்துவிடலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, எவரும் கவனிக்காத ஓர் இயல்புநிலை அமைப்பில் இருக்கிறது. எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் பல விடைத் தொகுப்பில், எந்த விடையையும் குறிக்காதவர் விடுபட்டவராகக் கருதப்பட்டு அடிப்படை எண்ணிக்கையிலிருந்து நீக்கப்படுகிறார். தகவல் பெறும் வழிகளை 200 பேரிடம் கேட்டதில், 50 பேர் எதையும் குறிக்கவில்லை, 90 பேர் வானொலியைக் குறித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்கப்பட்டவர்களில் இது 45 விழுக்காடு. அட்டவணையோ 150ஐ அடிப்படையாக்கி 60 என்று காட்டும். எந்தத் தகவலும் எட்டாத மக்களைத் தேடிச் செய்யும் ஆய்வில், அந்த மக்களே கணக்கிலிருந்து மறைந்துபோகிறார்கள். ஆகவே 'எதுவுமில்லை' என்பதும் வினாநிரலில் ஒரு விடையாக அச்சிடப்பட வேண்டும். தரவில் அதற்குத் தனி மாறி வேண்டும். கேட்டும் குறிக்காததற்கு 0, கேட்கவே படாததற்கு வெற்றுக் கட்டம்: இந்த வேறுபாட்டைத் தரவு உள்ளீட்டின்போது விட்டுவிட்டால், பிறகு எந்தக் கட்டளையாலும் மீட்க முடியாது.

எஸ்பிஎஸ்எஸ் தரும் அதே அட்டவணையில் இரண்டு விழுக்காடுகள் உள்ளன: விடைகளில் எத்தனை, ஆட்களில் எத்தனை. முதலாவதன் கூட்டுத்தொகை 100 ஆவதால் பலரும் அதையே கட்டுரையில் போடுகிறார்கள். இது எனக்கு ஏற்புடையதன்று. ஒருவர் கூடுதலாக ஒரு குறி இட்டாலே மற்ற எல்லா விடைகளின் பங்கும் குறைந்துவிடும். ஆட்களின் விழுக்காடு 100ஐத் தாண்டுவது பிழையன்று. அட்டவணையின் கீழ் ஒரு வரி விளக்கம் போதும்.

கல்வித்தகுதிக்கும் தகவல் வழிக்கும் உள்ள தொடர்பைச் சோதிக்க, கை-வர்க்கச் சோதனைக்கான ராவ்-ஸ்காட் திருத்தத்தைப் பயன்படுத்தலாம். ஆர் மொழியின் 'எம்ஆர்சிவி' தொகுப்பு அதைச் செய்து தருகிறது. அது கைவசம் இல்லாதவர்கள் ஒவ்வொரு 0/1 மாறியையும் கல்வித்தகுதியோடு தனித்தனியே சோதித்து, பான்ஃபெரோனி முறையில் முக்கியத்துவ வரம்பைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்துச் சுருக்கலாம். கான்சஸ் தரவின் ஐந்து விடைகளுக்கு 0.05 என்ற வரம்பு 0.01 ஆகும். கொஞ்சம் கடுமையான முறைதான். ஆனால் எந்த மென்பொருளிலும் செய்யலாம், ஒவ்வோர் அட்டவணையிலும் ஒரு விவசாயி ஒருமுறைதான் எண்ணப்படுவார்.