ஊசியும் உறவின் குரலும்

அறுவைச் சிகிச்சைக்குப்பின் முதியோர் சிலர் உற்றாரையும் அறியாது பிதற்றுவர். அது பேயின் செயலன்று. பெரும்பாலும் சிலநாளில் நீங்கும் மூளைக் கலக்கம். அதனைத் தடுக்க அக்குபங்சர் ஊசி உதவுமா என இன்று ஆராய்கின்றனர். முடிவு இன்னும் உறுதிப்படவில்லை.

அவ்வூசி நம் நாடு வந்த வழி தியாகத்தின் வழி. 1938-இல் போரால் துயருற்ற சீனத்துக்கு இந்தியா அனுப்பிய ஐந்து மருத்துவருள் கோட்னிஸ் 1942-இல் அங்கேயே உயிர்நீத்தார். உடன்சென்ற பிஜய்குமார் பாசு பின்னர் சீனத்தில் அக்கலையைக் கற்று, 1959-இல் கல்கத்தாவில் தொடங்கினார்.

உறுதிப்பட்டது வேறொன்று. 1999-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருத்துவமனையிலிருந்த 852 முதியோருள், நாளும் இடமும் நினைவூட்டி, உறக்கம் காத்து, கண்ணாடியும் செவிக்கருவியும் தந்து பேணப்பட்டோரிடம் கலக்கம் நூற்றுக்கு 15-இலிருந்து 10-ஆகக் குறைந்திருந்தது.

நோயுற்றோரைச் சந்திப்பது திருச்சபை போற்றும் இரக்கச் செயல். வேங்கிக்கால் முதியவருக்கு ஊசி கிட்டாமற்போகலாம். பெயர்சொல்லி அழைக்கும் குரல் கிட்டாமற்போகலாகாது.