கொட்ஸில்லா விளையாட்டில் இல்லாத 23 பேர்



பழைய வீடியோ கேம்களைத் தேடி விளையாடும் பிள்ளைகளுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

1992இல் நின்டென்டோ கருவிக்காக அமெரிக்காவில் வெளிவந்த ஒரு விளையாட்டு 'கொட்ஸில்லா 2: வோர் ஒஃப் த மொன்ஸ்டர்ஸ்'. இதற்கு முந்தியதில் நாமே கொட்ஸில்லாவாகி எதிரிகளை அடிக்கலாம். இதில் நாம் மனிதர் பக்கம். இராணுவத் தளபதியாக இருந்து தாங்கிகளையும் போர் விமானங்களையும் வரைபடத்தில் நகர்த்தி, இராட்சத மிருகங்களை மறிக்க வேண்டும். மோதல் வந்தால் சூதாட்ட இயந்திரம் போலச் சக்கரங்கள் சுழலும். அவை எப்படி நிற்கின்றனவோ அப்படியே அடி விழும்.

சரி, அந்த மிருகம் எங்கிருந்து வந்தது?

1954 மார்ச் 1ஆம் திகதி, பசுபிக் கடலின் பிக்கினி தீவுத்திட்டில் அமெரிக்கா ஓர் ஐதரசன் குண்டைப் பரிசோதித்தது. 6 மெகாதொன் அளவு என்று கணக்குப் போட்டிருந்தார்கள். வெடித்ததோ 15 மெகாதொன். ஹிரோஷிமா குண்டைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

அந்நேரம் ஜப்பானின் யாய்சு துறைமுகத்தைச் சேர்ந்த 'டைகோ ஃபுகுர்யூ மாரு' என்ற படகில் 23 பேர் சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அறிவிக்கப்பட்ட ஆபத்து எல்லைக்கு வெளியேதான் அவர்கள் இருந்தார்கள். விடியுமுன் மேற்கே வானம் வெளிச்சமானது. சில மணி நேரத்தில் வெள்ளைச் சாம்பல் மழைபோல் கொட்டியது. குண்டு பொடியாக்கிய பவளப்பாறை அது. வெறுங்கையாலேயே அள்ளிக் கொட்டினார்கள். கரை சேருமுன்னே தோல் வெந்து, முடி உதிரத் தொடங்கிவிட்டது.

படகின் வானொலி இயக்குநர் குபோயாமா ஐகிச்சி, வயது 40, அந்த வருடம் செப்டம்பர் 23இல் மரணமானார். மறுவருடம் அமெரிக்கா 20 இலட்சம் டொலர் கொடுத்தது. ஆனால் சட்டப்படி பொறுப்பேற்கவில்லை.

குபோயாமா இறந்து 41ஆம் நாள், நவம்பர் 3இல், ஹொண்டா இஷிரோ இயக்கிய 'கொஜிரா' படம் ஜப்பானில் திரைக்கு வந்தது. யுத்தம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் அழிவைக் கண்ட மனிதர் ஹொண்டா. படம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? கடலில், ஒரு கப்பலில். திடீர் ஒளி, தீ, உதவி கேட்டுச் செய்தி அனுப்பும் வானொலி இயக்குநர். அன்று அரங்கில் இருந்த ஜப்பானியருக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஐதரசன் குண்டு எழுப்பிவிட்ட மிருகம்தான் கொஜிரா.

1956இல் அமெரிக்கா அதே படத்தை வெட்டி, ஒரு ஹொலிவுட் நடிகரைச் சேர்த்து வெளியிட்டது. அணுகுண்டைப் பற்றிய பேச்சுக்களில் பல அதில் இல்லை. மிருகம் மட்டும் உலகம் சுற்றியது. 1992இல் அது விளையாட்டாகக் கைக்கு வந்தபோது, வரைபடத்தில் நகரும் குறிகளும் சுழலும் சக்கரங்களுமே மிச்சம். மீனவர்களைக் காணோம்.

வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் தேய்கிறது. யாரும் ஒரே நாளில் அழிப்பதில்லை. ஒவ்வொரு கை மாறும்போதும் பாதிக்கப்பட்டவன் கொஞ்சம் கொஞ்சமாக விடுபடுகிறான். பயங்கரம் மட்டும் பொழுதுபோக்காக எஞ்சுகிறது. விளையாட்டிலே தோற்றால் மறுபடி தொடங்கலாம். குபோயாமாவுக்கு அந்தப் பொத்தான் இருக்கவில்லை.

ஆனால் எல்லோரும் மறந்துவிடவில்லை. டோக்கியோவின் சுகினாமி பகுதிப் பெண்கள் முன்னின்று தொடங்கிய கையெழுத்து இயக்கம், மூன்று கோடிக்கும் அதிகமான கையெழுத்துகளைத் திரட்டியது. குப்பைமேட்டுக் கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த அந்தப் படகையும் மக்கள் மீட்டெடுத்தார்கள். 1976 முதல் அது டோக்கியோவின் யுமெனோஷிமாவில் காட்சிக்கு இருக்கிறது.

பிள்ளைகள் விளையாடட்டும், தடுக்க வேண்டாம். விளையாடி முடிந்ததும் பக்கத்தில் இருத்தி, அந்த 23 பேரின் கதையையும் ஒருமுறை சொல்லிக் கொடுங்கள்.