கார் இடித்த முழங்கால்

மோட்டார் கார்கள் பெருகியபோது மருத்துவர்களுக்குப் புதுத் தலைவலியும் வந்தது. நடந்து போகிறவரின் முழங்காலில் காரின் முன்பகுதி பக்கவாட்டில் இடித்தால், தொடை எலும்பின் முனை சுத்தியல் போல இறங்கிக் கணைக்கால் எலும்பின் மேல்தட்டை உடைத்து அமுக்கிவிடும். 1929-ல் அமெரிக்க மருத்துவர்கள் காட்டனும் பெர்க்கும் இதற்கு 'ஃபெண்டர் முறிவு' என்றே பெயர் வைத்தார்கள்!

எலும்பு முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு ஆடாமல் வைப்பது பழைய வழக்கம். ஆனால் இங்கே உடைந்தது மூட்டின் தரையே அல்லவா? கட்டுக்குள் வாரக்கணக்கில் கிடந்த காலில் எலும்பு கூடியது, முழங்கால் மடங்க மறுத்தது.

இங்கிலாந்தின் ஆப்லி 1956-ல் வேறு வழியை எழுதினார். எலும்பில் கம்பி செருகி, எடை கட்டி இழுத்தபடியே நோயாளியை முழங்காலை மடக்கி நீட்டச் செய்தார். அசைவு பிழைத்தது. ஆனால் நடுவில் அமுங்கிய பள்ளத்தை வெறும் இழுவை தூக்கிவிடாது.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் கத்தி தேவைப்பட்டது. 1958-ல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய ஏ.ஓ. குழுவின் வழியில் வந்தவர்கள் தட்டை நிமிர்த்தி, அடியில் எலும்புத் துண்டுகளை அடைத்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டார்கள். உறுதியாக நின்றதால் சீக்கிரமே மடக்கவும் முடிந்தது. டொராண்டோவின் ஷாட்ஸ்கர் 1979-ல் இம்முறிவுகளை 6 வகைகளாகப் பிரித்தார். சி.டி. ஸ்கேன் வந்த பிறகும் அந்த எண்கள் புழக்கத்தில் உள்ளன.

கத்திக்கும் ஒரு விலை இருந்தது. வீங்கிய தோலை அவசரப்பட்டு அறுத்தால் புண் ஆறாமல் சீழ் பிடித்தது. அதனால் கடுமையான அடியென்றால் இப்போது முதலில் வெளியே கம்பிச் சட்டம் பொருத்துகிறார்கள். வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் விழும்வரை பிளேட் காத்திருக்கிறது.